வளைவுக்கு ஓர் ஆள்

ஜனவரி 9

மாஸ்டர் அவர்களுக்கு,

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் அமுங்கி, பஸ்ஸெல்லாம் ஆறு மாதம் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போன வருஷம் அது. மணிக்கூண்டில் இடி விழுந்து, கடிகாரத்தின் பெரிய முள் மட்டும் கழன்று சந்தையில் ஒரு முட்டைக்காரியின் கூடையில் போய் விழுந்ததும் அதே வருஷம்தான். நம் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக ஒலிபெருக்கி வந்ததும் அப்போதுதான். நம் மைதானத்தில் மாவட்டப் போட்டி நடந்தது எந்த வருஷம் என்று கேட்டீர்கள், அந்த வருஷம் இது. எண்ணாகச் சொல்ல எனக்கு வராது. இதை எழுதுகிற தையல்காரம்மா விரல் மடக்கிக் கணக்குப் போட்டு, நாற்பத்தாறு வருஷம் ஆயிற்று என்கிறாள். நான் பேசுவதை அவள் பேப்பர் பாஷையாக மாற்றி எழுதுகிறாள். நன்றாக வந்தால் அவளுக்குப் பெருமை, கெட்டுப்போனால் என் வாய் சரியில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பள்ளிக்கு எழுபத்தைந்து வயது விழா. இத்தனை வருஷத்துப் பெண்களில் நான்கே பேரைப் பொறுக்கி, ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் ரிலேக்குக் கனவு அணி போடுகிறார்கள். பழைய ரிக்கார்டையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. மைதானத்தில் கோடு போடுகிற கோட்டுக்காரர் தலைக்குள் மட்டும் கரையான் போகவில்லை என்று கமிட்டிக்கு எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். உங்கள் காது நன்றாக இருந்திருந்தால் போனில் முடிந்திருக்கும். எனக்கு இந்தப் பாடு.

நாம் விளையாடியது ஞாபகம் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு நீங்கள் கவிழ்த்த பெஞ்சில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்சை அமுக்குவீர்கள். நான் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஓட்டத்தைச் சொல்வேன். எந்த வருஷத்துப் பெண்ணையும் எந்த வருஷத்துப் பெண்ணோடும் ஓட விடலாம். கல்யாணமாகிப் போனவளையும் கூப்பிடலாம். யாருக்கும் கால் சுளுக்காது. உங்கள் அணியும் என் அணியும் மோதி, கடைசியில் நீங்கள் வாட்சைப் பார்த்து என் ஆள் கால் விநாடி முந்திவிட்டாள் என்பீர்கள். வாட்ச் உங்கள் கையில், நான் என்ன செய்ய.

இப்போது என் அணி. முதல் வளைவுக்கு ரொட்டிக்கடைக்காரர் மகள். துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னாலேயே அவள் காதுக்கு அது கேட்டுவிடும். கடைசி நேர்கோட்டுக்குக் கொக்கு. அவள் நாலு எட்டு வைத்தால் மற்றவர்கள் ஐந்து வைக்க வேண்டும். இந்த இரண்டு பேரில் நமக்குள் சண்டை வந்ததே இல்லை. சண்டையெல்லாம் மூன்றாவது ஆளுக்குத்தான். இரண்டாவது வளைவு. குச்சியை வலது கையில் பிடித்து, உள்கோட்டை உரசிக்கொண்டு ஓட வேண்டிய இடம். ஒரு வெள்ளிக்கிழமை ஒருத்தியைப் போடுவோம், அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவோம். இருபது வருஷம் விளையாடினோம். அந்த இடத்துக்கு உரியவள் பெயரை நீங்களும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

இந்தத் தடவை சொல்கிறேன். இரண்டாவது, தந்திக்காரர் மகள். மூன்றாவது, இரட்டைச்சடை. அவர்கள் கை மாற்றுவது போல நான் யாரிடமும் பார்த்ததில்லை. குச்சி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. இவள் கையில் இருந்தது, பிறகு அவள் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

சொல்லி முடித்ததும் தையல்காரம்மா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் முகம் அப்படி இருந்ததாம்.

கடிதத்தின் கீழே கைநாட்டு வைக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உங்களுக்குத் தெரியும் ஏன் என்று.

கோட்டுக்காரர்


ஜனவரி 17

கோட்டுக்காரரே,

முதல் ஆள் சரி. நாலாவது ஆள் சரி. நடுவில் இருக்கிற இரண்டு பேரையும் எடுத்துவிடும்.

காரணம் கேட்பீர். காரணம் எளிது. மாவட்டப் போட்டியில் இரண்டு பேரும் விழுந்து குச்சியைக் கோட்டைவிட்ட ஜோடி கனவு அணியில் இருக்கக் கூடாது. இது நான் வைக்கிற விதி. இரண்டாவதுக்கு இடதுகைக்காரியைப் போடும். மூன்றாவதுக்கு அந்தத் தபால்காரர் தங்கை போதும். வளைவில் கொஞ்சம் அகலமாக ஓடுவாள், பரவாயில்லை, இது காகிதத்தில் ஓடுகிற ஓட்டம்தானே.

கமிட்டி அந்த நான்கு பேரையும் விழாவுக்கு வரவழைக்கப்போகிறது என்பது உமக்குத் தெரியாது. மைதானத்தைச் சுற்றிக் குச்சியோடு நடக்க வைப்பார்களாம். மைக் இருக்கும். பத்திரிகைக்காரர் இருப்பார். ஒரு கண் இல்லாதவள் அங்கே நின்றால், கண் எப்படிப் போயிற்று என்று யாராவது ஒருவன் கேட்பான். கேட்காமல் இருப்பானா?

தையல்காரம்மா என்பது யார்? அவளுக்கு எவ்வளவு தெரியும்? இந்த வீட்டில் தபால் பெட்டியைத் திறப்பவள் என் மகள். நீர் அனுப்பிய உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாருப்பா இது, இத்தனை பக்கம் எழுதியிருக்காங்க என்று கேட்டாள். பழைய ஓட்டக்காரி ஒருத்தி என்று சொன்னேன். மகளிடம் நான் பொய் சொல்லி வெகுகாலம் ஆகிறது. குரல் எனக்கே சரியாகக் கேட்காததால் பொய் சரியாக வந்ததா என்றும் தெரியவில்லை.

பட்டியலை மாற்றி இரண்டு வரியில் எழுதியனுப்பும். வேறொன்றும் எழுத வேண்டாம்.

பி.டி. மாஸ்டர்


ஜனவரி 26

மாஸ்டர் அவர்களுக்கு,

இரண்டு வரியில் முடியாது. காரியம் கைமீறிப் போய்விட்டது. உங்கள் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னால் கமிட்டிச் செயலாளர் என் அறைக்கு வந்தார். மைதானத்து ஓரத்தில், தடைப் பலகையெல்லாம் அடுக்கி வைக்கிற அறைதான், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். நல்ல பிள்ளை. என்ன அய்யா, டீம் ரெடியா என்றார். வாய்விட்டுவிட்டேன். அவர் நாலு பேரையும் கையோடு எழுதிக்கொண்டு, அன்றைக்கே அழைப்புப் போட்டுவிட்டார்.

தையல்காரம்மா யார் என்று கேட்டீர்கள். கேட்டுக்கு எதிரே பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவளுக்கு இந்த நிமிஷம் வரை ஒன்றும் தெரியாது. இந்தக் கடிதம் முடியும்போது தெரிந்திருக்கும். எனக்கு வேறு கை இல்லை மாஸ்டர். நாற்பத்தாறு வருஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு நல்ல மனசு காரணம் இல்லை, எழுதத் தெரியாததும் ஒரு காரணம். யாரிடமாவது சொல்லித்தான் எழுத வேண்டும். சொல்வதற்குப் பயம்.

இப்போதும் பயம்தான். ஆனால் நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று உங்கள் கடிதத்தைக் கேட்டபோது சந்தேகம் வந்தது. அதனால் சொல்கிறேன்.

மாவட்டப் போட்டி அன்றைக்குக் காலையில் மழை. முதல் நாள் போட்ட கோடெல்லாம் கரைந்துவிட்டது. ஷெட் ஒழுகி, நீற்றி வைத்திருந்த சுண்ணாம்புத் தூள் இரண்டு மூட்டையும் களியாகிவிட்டது. இரண்டு மணிக்கு எட்டுப் பள்ளிக்கூடம் வரப்போகிறது. சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிக்க வாங்கிய நீற்றாத கல் சுண்ணாம்பு ஒரு தகர டிரம்மில் இருந்தது. தண்ணீர் பட்டால் கொதிக்கிற சாமான். நான் உங்களிடம் வந்து சொன்னேன். ஈரத்தில் பட்டால் சுடும் மாஸ்டர், தோல் போய்விடும் என்றேன். நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். "மதியம் வெயில் வந்துடும்யா. காய்ஞ்சிடும். போடு" என்றீர்கள். கல்லை உடைத்துச் சலித்துப் போட்டேன். கோடு அவ்வளவு வெள்ளையாக ஒருநாளும் இருந்ததில்லை. தலைமையாசிரியைகூடப் பாராட்டினார்.

வெயில் வரவில்லை.

ரிலேயில் இரண்டாவது மாற்றம். தந்திக்காரர் மகள் குச்சியோடு வருகிறாள், இரட்டைச்சடை கையைப் பின்னால் நீட்டிக் கிளம்புகிறாள். சேற்றில் கால் வழுக்கியது இரட்டைச்சடைக்கு. இவள் மேல் அவள் விழுந்தாள். இரட்டைச்சடையின் முகம் உள்கோட்டின் மேல். வியர்வையும் மழையும் வழிகிற முகம். சுடுது, சுடுது என்று கத்தினாள். அடிபட்டவள் வலிக்கிறது என்று கத்துவாள், சுடுகிறது என்று கத்த மாட்டாள். ஐம்பது பேர் கேட்டார்கள். ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய இரண்டு பேரும் பேசவில்லை. யாரோ ஈரத் துணியால் துடைத்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். என் கால் நகரவில்லை.

அன்று சாயங்காலமே துடைப்பத்தால் எல்லாக் கோட்டையும் கூட்டி அள்ளினேன். உள்ளங்கையில் கொப்புளம். தழும்பு இருக்கிறது.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் அறிக்கை. கை மாற்றும்போது தந்திக்காரர் மகள் குச்சியைக் கண்ணில் குத்திவிட்டாள், பிறகு மண்ணில் விழுந்து புண்ணாயிற்று என்று. தலைமையாசிரியை கையெழுத்து, அவருடைய அண்ணன் டாக்டர், அவர் கையெழுத்து, கிளார்க் கையெழுத்து, உங்கள் கையெழுத்து. நேரில் பார்த்த சாட்சி என்று என் பெருவிரல். படிக்காதவனை ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்ல முடியாது. நீங்கள் வரிவரியாகப் படித்துக் காட்டினீர்கள். கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். வேலையும் இந்த அறையும் போய்விடும் என்ற பயம்.

அதற்குப் பிறகு தந்திக்காரர் மகளுக்குக் கண்குத்தி என்று பெயர் வைத்தார்கள். தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட. தந்திக்காரர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

தையல்காரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள் என்று சொன்னேன். அதையும் எழுதிவிட்டாள்.

கோட்டுக்காரர்


பிப்ரவரி 4

கோடு,

உம்முடைய கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். பிறகு அடுப்பில் போட்டேன். அது எரிகிற வாசனைக்கு மகள் வந்து என்னப்பா கருகுது என்றாள். எழுபத்தாறு வயதில் நான் இப்படி ஒளிந்து திரிய வேண்டுமா?

உமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், உட்கார்ந்து கேளும். செயலாளர் எனக்கு எழுதியிருக்கிறார். இரட்டைச்சடை பதில் போட்டுவிட்டாளாம், வருகிறேன் என்று. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். தந்திக்காரர் மகளும் கட்டாயம் வர வேண்டும். ஏனென்றால் எல்லார் முன்னாலும் மைக்கில் அவளை மன்னிக்கப் போகிறாளாம். செயலாளர் உருகிப் போய் எழுதியிருக்கிறார். விழாவுக்கே இதுதான் சிகரமாம். அந்த மற்றவளிடம் தானே நேரில் போய், கெஞ்சி, சம்மதம் வாங்கிவிட்டாராம்.

செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்க ஒருத்தி ரயிலேறி வருகிறாள். கொடுக்க ஒருத்தி வருகிறாள். நடுவில் நீர் குச்சியை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள்.

நான் வரவில்லை. முழங்கால் வலி என்று எழுதிவிட்டேன். நீரும் வாயைத் திறக்கக் கூடாது. மன்னித்துவிட்டுப் போகட்டும். ஒருவிதத்தில் எல்லாருக்கும் நல்லதுதானே? அவளுக்கும் பாரம் இறங்கும், இவளுக்கும் இறங்கும். இருபது நிமிஷம் பொறுத்துக்கொண்டால் கதை முடிந்தது.

எனக்குப் புறநானூறு வேண்டாம், கோடு. ஒரு பேத்தி இருக்கிறாள், அவள் பள்ளியில் ஓடுகிறாள். தாத்தா மாதிரி யாருமில்லை என்று நினைக்கிறாள். அது போதும் எனக்கு.

பி.டி. மாஸ்டர்


பிப்ரவரி 13

மாஸ்டர் அவர்களுக்கு,

அவள் வந்துவிட்டாள்.

விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று கொஞ்சம் தைரியமாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை பகலில் கேட் கிறீச்சிட்டது. இப்போதெல்லாம் கேட் சத்தம் கேட்டாலே நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். ஜன்னலில் பார்த்தால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், நேராக இரண்டாவது வளைவுக்குப் போய் நிற்கிறாள். சடை இல்லை, வெட்டிவிட்ட நரை முடி. நிற்கிற நிலையில் தெரிந்தது. வலது குதிகால் லேசாகத் தூக்கியிருந்தது, அந்தக் காலத்தில் போலவே.

உள்ளேயே இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். தும்மல் வந்துவிட்டது.

கோட்டுக்காரய்யாதானே என்றாள். கால்களைத் தொடாத குறை. அவள்தான் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், என் அறையில், என் நாற்காலியை. ஊரில் ஒரு நர்சரி வைத்திருக்கிறாளாம், செடிகள். கணவர் இல்லை. செயலாளர் நம் விளையாட்டைப் பற்றிச் சொன்னாராம். நானும் இருக்கேனாமே டீம்ல, ஓட விட்டுக் காட்டுங்கய்யா என்றாள்.

என்ன செய்வது? எழுந்து நடந்தேன். அவள் பக்கத்தில் நடந்தாள். ரொட்டிக்கடை மகள் கிளம்பியதைச் சொன்னேன். எதிர் அணி எது என்று கேட்டாள். எல்லா வருஷத்து மிச்சப் பேரும் என்றேன், சிரித்தாள். முதல் மாற்றம் சொன்னேன். தந்திக்காரர் மகள் நேர்கோட்டில் வருவதைச் சொன்னேன். காற்று எதிரே அடிக்கிறது, மூன்று கை நீளம் முன்னால் வருகிறாள், இதோ வந்துவிட்டாள் என்றேன். அங்கே நின்றுவிட்டேன். அவள் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் சொல்லவில்லை.

ஏன் நின்னுட்டீங்க என்றாள். மூச்சு வாங்குகிறது என்றேன்.

அவள் கையை மடக்கிக்கொண்டு சொன்னாள்: "அவ என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடல. நானும் கூப்பிடல. பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவோம்னு பயம். வேணும்னு செஞ்சாளா பாவம்? சாகறதுக்குள்ள இதை முடிச்சிடணும் அய்யா."

பிறகு குனிந்து கோட்டைத் தேய்த்துப் பார்த்தாள். பெயின்ட் வந்து பதினைந்து வருஷமாகிறது. விரலில் ஒட்டவில்லை. அந்தக் காலத்தில் சுண்ணாம்புதானே போடுவீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. அதற்கு மேல் அவள் ஏதோ பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு எப்போதும் இப்படித்தான் இருக்குமா?

அவள் போன பிறகு பகல் முழுக்கக் கதவைத் திறக்கவில்லை. தையல்காரம்மா ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுத்தாள். ரொம்ப நேரம் நின்றாள். "சொல்லிடுங்க அய்யா. இல்லேன்னா என்னை விட்டுடுங்க, இனிமே உங்களுக்கு எழுத மாட்டேன்" என்றாள்.

நீங்கள் வாருங்கள் மாஸ்டர். இரண்டு பேராக நின்றால் சொல்லிவிடுவேன். தனியாக என்னால் ஆகாது.

கோட்டுக்காரர்


பிப்ரவரி 17

கோடு,

வர முடியாது.

நான் போடச் சொன்னேன் என்று சொல்லப் போகிறீர். போட்டது உம்முடைய கை. கூட்டி அள்ளியதும் உம்முடைய கை. அதை யாரும் உமக்குச் சொல்லித் தரவில்லை. சாட்சியும் நீர்தான். நான் சட்டம் பேசவில்லை, யோசித்துக்கொள்ளும் என்கிறேன். அந்த அறை கமிட்டியுடையது. இந்த வயதில் எங்கே போவீர்?

செயலாளருக்கு எழுதி, உமக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கிறேன். என் தம்பி வீடு உமக்குத் தெரியுமே, அங்கே பத்து நாள் போய் இரும். அவனுக்குச் சொல்லிவிட்டேன்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. நான் இப்படித்தான் இருக்கிறேன் என்று உமக்காவது தெரியட்டும்.

அந்தக் காலை வானத்தை இன்னும் பார்க்கிறேன். மேற்கே ஒரு மூலையில் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதை நம்பினேன். ஒரு பத்து நிமிஷம் வெயில் வந்திருந்தால் நான் நல்லவன். வாசலில் யாராவது மணி அடித்தால் எனக்குக் கேட்காது. சுவரில் ஒரு விளக்கு எரியும்படி மகள் வைத்திருக்கிறாள். அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பயமாக இருக்கிறதய்யா. ஊரை விட்டுப் போய்விடும்.

பி.டி. மாஸ்டர்


பிப்ரவரி 24

மாஸ்டர் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் வியாழக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று தையல்காரம்மா அதிகப்படி தபால்தலை ஒட்டுகிறாள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் போகவில்லை. பையைக் கட்டினேன், உண்மை. பஸ் நிலையம் வரை போனேன். எந்தப் பஸ் எங்கே போகிறது என்று யாரையாவது கேட்க வேண்டும், கேட்க வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். வீரம் ஒன்றும் இல்லை.

விழாவுக்கு நாலு பேரும் வந்திருந்தார்கள். ரொட்டிக்கடை மகள் இப்போது மூன்று ஆள் அகலம். கொக்கு கைத்தடியோடு வந்து, யாராவது ரேஸுக்கு வர்றீங்களா என்று எல்லாரையும் வம்புக்கு இழுத்தாள். தந்திக்காரர் மகள் கடைசியாக வந்தாள். கூட்டத்தின் ஓரமாகவே நடந்து, மேடையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். கை இரண்டும் மடிக்குள்.

இரட்டைச்சடை மைக்கில் பேசினாள். நன்றாகப் பேசினாள். நான் இவளை எப்பவோ மன்னிச்சுட்டேன், இவகிட்ட சொல்லத்தான் நாற்பத்தாறு வருஷம் ஆச்சு என்றாள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. தந்திக்காரர் மகள் தலை நிமிரவில்லை. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். என் மூச்சு மைதானம் முழுக்கக் கேட்டது. கமிட்டிக்கு நன்றி என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

பிறகு குச்சியோடு சுற்றி நடந்தார்கள். முதல் மாற்றம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போயிற்று. இரண்டாவது மாற்றத்தில் தந்திக்காரர் மகள் நின்றாள். குச்சியை நுனியில் இரண்டு விரலால் பிடித்து, கையை முடிந்த மட்டும் தூரமாக நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கொடுக்கிறாள். எதிரே இருப்பவள் மேல் பட்டுவிடுமோ என்று உடம்பெல்லாம் நடுங்குகிறது. அவர்கள் கை மாற்றியதை ஒரு காலத்தில் பார்த்தவன் நான். இதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்து, மைதானத்தின் குறுக்கே நடந்து போனேன். கொக்கு கடைசி முனையிலிருந்து, அங்க என்ன மாநாடு, எனக்குக் கால் வலிக்குது என்று கத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேர் முன்னாலும் நின்று சொன்னேன். "குச்சி படவேயில்லம்மா. நான் போட்டது நீற்றாத சுண்ணாம்பு. சுடும்னு தெரிஞ்சே போட்டேன். இந்தப் பொண்ணு குத்தினான்னு எழுதின காகிதத்துல, தெரிஞ்சே கைநாட்டும் வெச்சேன்."

அடிப்பார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. திறந்து பார்த்தால் இரட்டைச்சடை கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். அந்தக் கண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. "சுடுதுன்னுதானே கத்தினேன்" என்றாள், என்னிடம் இல்லை, யாரிடமோ.

தந்திக்காரர் மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே பேசினாள். அவள் குரலை நான் கேட்டது நாற்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு. "என் பேத்தி பென்சில் எடுத்தாக்கூடப் பிடுங்கிடுவேன். ஊசி, கத்தரிக்கோல் எதுவும் வீட்டுல என் கைக்கு எட்டற மாதிரி வெக்க மாட்டேன். எல்லாரும் எனக்குப் புத்தி சரியில்லைன்னு சொல்வாங்க" என்றாள். இரட்டைச்சடை பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அங்கேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மழை, டிரம், வெளுத்த வானம், தலைமையாசிரியை அறை. நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னதாக, நான் செய்ததை நான் செய்ததாக. கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. செயலாளரும் வந்து கேட்டுக்கொண்டு நின்றார். என் அறையைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பை கட்டினபடியே இருக்கிறது.

தந்திக்காரர் மகள் எழுந்து நின்று மண்ணைத் தட்டினாள். அந்தக் காகிதத்தில் யார் யார் பெயர் இருக்கிறது, அதில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். "யார் மிச்சம் இருந்தாலும் சரி, வியாழக்கிழமை நாங்க ரெண்டு பேரும் அவங்க வாசல்ல நிப்போம்" என்றாள். குரல் உயரவே இல்லை.

நான் ஒவ்வொருவராகச் சொன்னேன். தலைமையாசிரியை போய்ப் பதினேழு வருஷம், ஆற்றில் வெள்ளம் வந்து சந்தை முழுகிய வருஷம். அவர் அண்ணன் டாக்டர் அதற்கும் மூன்று வருஷம் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. கிளார்க் போன மழைக்காலத்தில், நான்தான் தோள் கொடுத்தேன். என் பெருவிரல் இதோ இருக்கிறது என்று நீட்டினேன். அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, எழுதத் தெரிந்தவர்களில் யார் என்றாள்.

பி.டி. மாஸ்டர் என்றேன்.